முதுகைத் தொடுமுன்

"கீழ எங்கனா வுழுந்தியா?" என்று கேட்டாள் நாகவல்லி.

"இல்லக்கா."

பாயில் குப்புறப் படுத்திருந்த லோகநாயகியின் முதுகில் அவள் இன்னும் கை வைக்கவில்லை. காய்ச்சின எண்ணெய் கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பெண்களுக்குச் சுளுக்கு எடுக்க நாகவல்லி ஒருத்திதான். இடுப்புப் பிடிப்பு, தோள் பிசகு எல்லாம் அவளிடம்தான் வரும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் தள்ளி ஒரு நெட்டி எடுத்தாளானால், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள் கையை வீசிக்கொண்டு போவாள்.

ஆனால் கேட்காமல் தொடமாட்டாள்.

எண்பத்தேழில், பாடியில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த கெங்கம்மாள் கழுத்து வலி என்று வந்தாள். தலைசுற்றல் இருப்பதை அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பிவிட்டாள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் கெங்கம்மாளுக்கு வாய் கோணிக்கொண்டது. வலது கை விழுந்துவிட்டது.

அது ஆகி ஐந்து வருஷம். அதற்கப்புறம் நாகவல்லி யார் கழுத்தையும் தொட்டதில்லை. முதுகென்றாலும் முதலில் கேள்விதான்.

"ராவுல படுத்தா வலி கம்மியாவுதா, ஜாஸ்தியாவுதா?"

"கம்மிதாங்க்கா."

கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் கஷ்டமா, காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, முன்னே பெரிய சீக்கு ஏதாவது வந்து படுத்ததுண்டா. எல்லாவற்றுக்கும் லோகநாயகி இல்லை என்றாள். சில கேள்விகளுக்கு, கேட்டு முடிக்கும் முன்பே இல்லை வந்தது.

நாகவல்லி அவள் ஜாக்கெட்டைப் பார்த்தாள். பக்கத் தையலை இரண்டு தரம் உள்ளே பிடித்திருந்தும் முதுகில் தொளதொளத்தது.

எண்ணெய் தொட்டு, கழுத்தடியிலிருந்து முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக இரண்டு விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். சுளுக்கென்றால் சதை முறுக்கின கயிறு மாதிரி விறைத்து நிற்கும். இங்கே சதை துவண்டு கிடந்தது.

இடுப்புக்கு ஒரு சாண் மேலே, ஒரு கணுவில் விரல் பட்டதும் லோகநாயகியின் மூச்சு நின்றது. அழுத்தக்கூட இல்லை. வெறுமனே பட்டதுதான். பாயின் ஓரத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயின.

நாகவல்லி கையை எடுத்துவிட்டாள்.

"இது சுளுக்கு இல்ல. எலும்புல இன்னாவோ கீது. நான் தொடமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடு."

லோகநாயகி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் நாகவல்லிக்குத் தெரிந்தது, ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"எடுத்தாச்சுக்கா. ரெண்டு வருசம் முன்ன புத்துநோய்னு ஒரு பக்க மாரை எடுத்தாக. இப்போ அது முதுகெலும்புக்கு வந்துருச்சாம்."

நாகவல்லிக்கு ஆத்திரமாக வந்தது. "தெரிஞ்சே படுத்துகினு இருந்தியா? நான் பாட்டுக்கு ஒரு நெட்டி எடுத்திருந்தா அந்த எலும்பு பொட்டுனு போயிருக்கும். காலு ரெண்டும் வராம பூட்ருக்கும். இன்னாத்துக்கு இல்ல இல்லன்ன?"

லோகநாயகி வாசல் பக்கம் பார்த்தாள். மூடின கதவுக்கு வெளியே அவள் புருஷன் சண்முகசுந்தரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆவடியில் ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட வந்திருந்தான்.

"அவுகளுக்குத் தெரியாது" என்றாள் தணிந்த குரலில். "அவுக வேலைக்குப் போயிருக்கும்போது நான் மட்டும் ரயிலேறிப் போய்க் கேட்டுட்டு வந்தேன். போன தடவை நாலு மாசம் ஆஸ்பத்திரி வராந்தாவுலயே கிடந்தாக. சோறு தண்ணி இல்ல. திரும்பவும் அங்க கொண்டுபோய் அவுகள உக்காரவைக்க எனக்கு மனசு வரலக்கா. சுளுக்காத்தான் இருக்கும், வா போவோம்னு அவுகதான் இங்க கூட்டியாந்தாக. நீங்களும் அப்படியே சொல்லிருங்க. நம்பிருவாக."

கெங்கம்மாளுக்கு அப்புறம் நாகவல்லி யார் உடம்பைப் பற்றியும் பொய் சொன்னதில்லை.

வெகுநேரம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யார் கைலயும் முதுகைக் குடுக்காத" என்றாள் கடைசியில். "அமுக்குறேன், மிதிக்கிறேன்னு எவன் வந்தாலும் எட்டி நில்லு. வலிக்கு மாத்திரை குடுத்தா துண்ணு. சத்தியம் பண்ணு."

லோகநாயகி அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது.

நாகவல்லி கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். சண்முகசுந்தரம் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு அருகே வந்தான். அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தெருவைப் பார்த்தபடி சொன்னாள்.

"சுளுக்குதாம்பா. ரெண்டு மாசம் ஆவும்."

அவன் எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. மறுபடி எப்போது வரவேண்டும் என்றும் கேட்கவில்லை. திறந்திருந்த கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, இன்னும் கிட்டே வந்தான்.

"ஆஸ்பத்திரியில எனக்கு ஆள் விட்டுச் சொல்லிட்டாக அம்மா" என்றான், உதடு மட்டும் அசைய. "அவளுக்குத் தெரியாது. இன்னொருவாட்டி சத்தமாச் சொல்லுங்க. உள்ள அவளுக்குக் கேக்கணும்."