கடலடித் தரை

பங்குச் சாமியார் வந்தால் மட்டும் வெளியே வரும் வெண்கலத் தம்ளரில் சர்வே பையனுக்கு மோர் வந்தது.

கல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிய வீட்டுக்காரன் சேசுராஜுக்குச் சொம்பில் தண்ணீர்.

பையன் பெயர் ஜெகபர் அலி. மதுரையில் படித்தவன், சர்க்காருக்காகப் பாறை பார்க்க வந்தவன். ஒரு வாரமாகத் தாயில்பட்டிக் காட்டில் அவன் காட்டும் கல்லை உடைத்துச் சுமப்பது சேசுராஜின் வேலை. ஐம்பது வயது, கிணறு வெட்டிக் காய்த்துப்போன கை. கல்லைச் சுமக்கக் கூலி கொடுக்கிறவனை அவன் முதல் நாளே நம்பவில்லை.

இப்போது அந்தப் பையன் கரும்பச்சையாக ஒரு கல்லை எடுத்து சேசுராஜின் பெண்டாட்டி இன்பத்திடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"இது ஒரு காலத்துல கடலுக்குத் தரையா இருந்த கல்லுன்னு நினைக்கிறேன் அக்கா."

அக்காவாம்.

இன்பம் கூலிக்குத் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில்கூட நிற்காத விரல்கள் நின்றன.

பையன் கையை விரித்தும் மடக்கியும் சொன்னான். கடலுக்கு அடியில் தரை பிளக்குமாம். உள்ளேயிருந்து நெருப்புக் குழம்பு பொங்குமாம். தண்ணீர் பட்டதும் தலையணை தலையணையாக உருண்டு இறுகுமாம். அதுதான் கடலின் தரை. பின்னாலேயே புதுக் குழம்பு வர வர, பழைய தரை நகர்ந்துபோய் ஒருநாள் நிலத்தில் முட்டும். முட்டியதில் முக்கால்வாசி நிலத்துக்கு அடியில் சொருகிக்கொண்டு போய்விடும். என்றைக்காவது ஒரு துண்டு மட்டும் உள்ளே போகாமல் நிலத்தின்மேல் ஏறி நின்றுவிடும்.

"வெளிநாட்டுலயே இப்பத்தான் இப்படிச் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க."

சேசுராஜுக்குச் சிரிப்பு வந்தது. குடிக்கத் தண்ணீருக்கு அல்லாடுகிற காட்டில் கடலாம்.

இன்பம் சிரிக்கவில்லை. கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள்.

கல்யாணமாகி ஒன்பது மாதம். இந்த மாதிரி ஒரு தடவை சேசுராஜின் வாயைப் பார்த்திருப்பாளா? 'சோறு வைக்கவா'வுக்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருப்பாளா?

"ஐயாவுக்குப் போத்தல்ல தண்ணி சேந்திட்டு வாங்களேன்" என்றாள்.

போனான். கிணற்றுக் கயிற்றை இழுத்தபடியே திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து என்னவோ கேட்டாள். பையன் தலையைச் சொறிந்தான், ஏதோ சொன்னான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சேசுராஜ் இழுத்த இழுப்பில் பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே கொட்டியது.

பையனோடு ஊரைத் தாண்டும்வரை பொறுத்தான். அப்புறம் மூட்டையைத் தொப்பென்று போட்டான்.

"ஏலே, எம் பொண்டாட்டிகிட்ட என்னலே ரகசியம்? மருவாதியாச் சொல்லிரு. இங்கன புதைச்சிட்டேன்னா ஒன்னையும் எவனாச்சும் பாறைன்னு தோண்டித்தான் எடுக்கணும்."

பையன் இரண்டடி பின்னால் போனான்.

"ரகசியமெல்லாம் இல்ல அண்ணாச்சி. கடல் கொண்டுபோன ஆளுகளும் அந்தத் தரையோட மேல ஏறி வருவாங்களான்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

சேசுராஜுக்குப் புரிந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் வாரிக்கொண்டு போனது. இன்பத்தின் முதல் புருஷன் அதில் இருந்தான். உடம்பு கிடைக்கவில்லை.

இந்தப் பையன் என்றால் கன்னத்தில் நாலு வைத்து மதுரைக்கு பஸ் ஏற்றிவிடலாம். கடல் கொண்டுபோனவனை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

"நீங்க என்ன சொன்னீக?" குரல் தானாக மரியாதைக்கு வந்திருந்தது.

"அதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும் அக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு அவ?"

"ஆகட்டும், பரவாயில்லைன்னாங்க."