கமலாம்பிகைக்கு வந்த அனுமதி

இரண்டில் எது பொய் என்று ஜப்பானிய அதிகாரி கேட்டார்.

படகுத்துறை அறையின் மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, மனைவியைப் பினாங்குக்கு அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பரமநாதன் போட்ட மனு. அதில் அவன் இலங்கையன், பிரிட்டிஷ் பிரஜை. மற்றது அவனுடைய புது அட்டை. அதில் அவன் இந்தியன்.

இரண்டுமே பொய் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற ஆள் கன்னத்தில் வாங்கிய அறையின் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

கமலாம்பிகை தலைப்பிரசவத்துக்காகக் கெடாவின் சுங்கை பட்டாணிக்குத் தாய்வீடு போனபோது கெடாவும் பினாங்கும் ஒரே ஆட்சியில்தான் இருந்தன. அவள் அங்கே இருக்கும்போதே, யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் கெடாவைத் தூக்கிச் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். காலையில் ரயிலேறினால் சாயங்காலம் பார்த்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் இருந்த பெண்டாட்டி உட்கார்ந்த இடத்திலேயே வெளிநாட்டுக்காரி ஆனாள்.

மனுப் போட்டான். பதில் இல்லை. பிள்ளை பிறந்ததா, ஆணா பெண்ணா, அதுவும் தெரியாது. கடிதம் எதுவும் எல்லையான மூடா ஆற்றைத் தாண்டி வரவில்லை.

பிரிட்டிஷ் பிரஜையின் மனு அசையவே அசையாது, இந்திய சுதந்திரச் சங்கத்தில் சேர்ந்து இந்தியனாகிவிடு என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். இந்தியனா என்று யாராவது கேட்டால் இல்லை, யாழ்ப்பாணம் என்று நின்று திருத்துகிற ஆள் அவன். இருந்தும் போனான். கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்து, இந்தியன் என்று போட்ட சங்க அட்டையை வாங்கினான். பழைய பாஸ்போர்ட்டை அடுப்பில் போட்டான்.

அதற்குப் பிறகுதான் அனுமதி வந்தது. அதுவும் பழைய மனுவுக்கே வந்தது. இலங்கையன் பரமநாதனின் மனைவி கமலாம்பிகை, கைக்குழந்தையோடு, வரலாம்.

இன்று பட்டர்வொர்த்திலிருந்து படகேறி அவள் வந்துவிட்டாள். இந்தப் படகுத்துறை அறையில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு குழந்தை சிணுங்கியது கேட்டது. தன் பிள்ளைதான் என்று அவனுக்கு வயிறு குளிர்ந்துபோனது.

அதிகாரி அந்தக் குளிர்ச்சியை நீடிக்க விடவில்லை. அனுமதி ஓர் இலங்கையனின் மனைவிக்கு. நிற்பவனோ இந்தியன். அப்படியானால் இவள் யார், யாருக்காக எல்லை தாண்டி வருகிறாள்? ஒற்றுக்காரர்கள் இருவரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்களா? தமிழில் எடுத்துச் சொன்னவர் சூசை. முன்பு பள்ளிக்கூட வாத்தியார், இப்போது மொழிபெயர்ப்பாளர். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் சொல்லி முடித்தார். இங்கிருந்து உள்ளே கொண்டுபோகப்பட்டவர்கள் எந்தக் கோலத்தில் வெளியே வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஒரே ஒரு கேள்வி போதும் என்றார் அதிகாரி. தடுப்புக்குப் பின்னால் இருப்பவள் புருஷன் பெயரைச் சொல்லட்டும். உண்மையான பெண்டாட்டி கேட்ட மாத்திரத்தில் சொல்லுவாள். தயங்கினால் பொய்க்காரி.



கமலம் சொல்லமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து 'இஞ்சாருங்கோ'தான். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளின் காதில் கிசுகிசுத்துச் சொல்ல வைப்பாள். அப்படிப்பட்டவளிடம், அதுவும் அந்நிய ஆண்களுக்கு நடுவே!

சூசைக்கும் இது தெரியும். தமிழ்ப் பெண்கள் அப்படித் தயங்குவது வழக்கம் என்று அதிகாரியிடம் ஏதோ சொல்லிப் பார்த்தார் போலிருக்கிறது. அதிகாரி மேசையைத் தட்டினார். சூசை தடுப்பின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

ஒரு தடவை சொல்லிவிடு தாயே என்று பரமநாதன் உள்ளுக்குள் கெஞ்சினான்.

"பரமநாதன்."

யோசனையே இல்லை. தெளிவாக, மடமடவென்று வந்தது. கேட்காமலே அவன் தகப்பன் பெயரும் சேர்ந்து வந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது.

சூசையின் முகம் மாறியது. எந்தத் தமிழ்ப் பெண்டாட்டியும் புருஷன் பெயரை இவ்வளவு சுலபமாகச் சொன்னதை அவர் கேட்டதில்லை. மெல்லத் திரும்பிப் பரமநாதனைப் பார்த்தார். ஒரு வார்த்தை அதிகாரியிடம் சொன்னால் அவர் நல்ல பேர் வாங்கலாம்.

பரமநாதன் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான். அது கமலத்தின் குரல் இல்லை.

தடுப்புக் கதவைத் திறந்தார்கள். குழந்தையை மார்போடு அணைத்தபடி யோகம்மா வந்து நின்றாள். கமலத்தின் கூடப்பிறந்த தங்கை. இன்னும் கல்யாணமாகாதவள்.

அவள் கழுத்தில் கமலத்தின் தாலிக்கொடி கிடந்தது.

எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கமலம் உயிரோடிருந்தால் அது அவள் கழுத்தைவிட்டு இறங்கியிராது. இறந்தவளுக்கு வந்த அனுமதியைக் கையில் பிடித்துக்கொண்டு, தாயில்லாப் பிள்ளையைத் தகப்பனிடம் சேர்க்க வந்திருக்கிறாள் தங்கைக்காரி. அவள் அழவில்லை.

இவள்தானா உன் மனைவி என்று அதிகாரி கேட்டார். சூசை அதை மொழிபெயர்க்கவில்லை.

"ஆமான்னு சொல்லிடுங்க தம்பி, பிள்ளை இருக்கு" என்றார், மொழிபெயர்க்கிற அதே குரலில்.

"ஓம். என்ர மனுசிதான்."

முத்திரை விழுந்தது. கமலாம்பிகை பினாங்கு வந்து சேர்ந்ததாகப் பதிவாயிற்று. இனி அவளுக்குச் சாவு கிடையாது. தீட்டுத் துடக்குக் காக்க முடியாது, எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்ய முடியாது, யாரிடமும் சொல்லி ஒரு பாட்டம் அழக்கூட முடியாது.

அதிகாரிக்கு இப்போது நல்ல மனநிலை. இத்தனை மாதம் கழித்துப் பெண்டாட்டி வந்திருக்கிறாள், இவன் என்ன மரம் மாதிரி நிற்கிறான் என்று சூசையிடம் சொல்லிச் சிரித்தார்.

பரமநாதனும் சிரித்தான்.