பகலில் தூங்கக் கூடாது

மாலை நாலரை மணி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் கல்லூரி மாணவி வின்சி, தோழி வெங்கடேஸ்வரியின் தோளில் சரிகிறாள். ஒரு மாதமாக வின்சிக்கு இரவில் தூக்கமில்லை. கைபேசியில் படித்த தூக்கப் பயிற்சியைத் தானே செய்துவருகிறாள்; இன்று பத்தாம் நாள். பகலில் கண்ணயரக் கூடாது என்பது அதன் முதல் விதி. எழுப்பும் பொறுப்பு வெங்கடேஸ்வரிக்கு. "ஏட்டி, முழி," என்று தொடையில் கிள்ளுகிறாள். "செத்த நேரம்ட்டி..." என்று முனகி, வின்சி இன்னும் சாய்கிறாள். பின்னிருக்கையில் பூக்கூடையோடு இருக்கும் பெண், வின்சியின் முகத்தில் வெயில் படாமல் ஷட்டரை இறக்கிவிடுகிறாள். "தூங்குத புள்ளயப் பாத்து ஒனக்கு எதுக்கு இம்புட்டுப் பொறாமை?" "இப்பத் தூங்கினா ராத்திரி பூரா உக்காந்து அழுவாக்கா." வின்சியின் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வெங்கடேஸ்வரி கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்க்கிறாள். பிறகு எட்டி ஷட்டரை முழுசாகத் தூக்கிவிடுகிறாள். மலைப்பக்கத்து வெயில் பளீரென்று அடிக்கிறது. "அடிப் பாதகத்தி," என்றபடி வின்சி கண் திறக்கிறாள்.