பத்துக் கிளைக் கொம்பு

நான் சுரண்டிக் கொடுத்த பதின்மூன்றாவது குப்பியையும் என் வீட்டுக்காரர் ஆர்வோ ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"அடியில இன்னும் கரி இருக்கு, ஹெல்மி."

இல்லை. எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் குப்பியை எங்கள் ஊரில் யாரும் எறிவதில்லை. அடியில் இருக்கும் பழைய பிரைமரை, அதாவது துப்பாக்கியின் ஊசி அடித்ததும் பொறி கிளப்பும் சின்ன மூடியைத் தட்டி எடுத்துவிட்டு, புதிய பிரைமர், வெடிமருந்து, ஈயக் குண்டு எல்லாம் போட்டு மறுபடி சுடுவோம். பிரைமர் உட்காரும் குழி ஒரு பட்டாணி அகலம்கூட இருக்காது. அதில் படிந்த கரியைச் சின்னக் கம்பியால் சுரண்டுவது என் வேலை. முப்பத்தோரு வருடமாக என் வேலை. ஐந்தாறு குப்பி முடிவதற்குள் விரல் நுனி மரத்துவிடும்.

கரி மிஞ்சினால் புதிய பிரைமர் முழுதாக இறங்கி உட்காராது. விசையை இழுக்கும்போது ஊசி அடிக்கிற அடி, அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும். தோட்டா வெடிக்காது. 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போன வருடம் மான் வேட்டையின் முதல் நாள் அதுதான் நடந்தது. அன்று போன நிம்மதி இந்த வீட்டுக்கு இன்னும் திரும்பவில்லை.

வெடிக்காத அந்தத் தோட்டாவை ஆர்வோ சமையலறை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கிறார். தபால்காரர், பாதிரியார், உறைந்த குழாயைச் சரிசெய்ய வந்தவர், ஒருத்தரையும் கதை சொல்லாமல் விட்டதில்லை. விடிகிற நேரம். சிடார் புதர். நாற்பது தப்படி தூரம். பழுப்பு முதுகு ஒன்று அசைகிறது. குறி வைத்தாயிற்று. க்ளிக்.

கேட்கிறவர்கள் 'அடடா' என்பார்கள். பிறகு எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த மானுக்கு ஆறு கிளைக் கொம்பு. ஈஸ்டரில் அது எட்டாயிற்று. இப்போது பத்து.

நாளை நவம்பர் பதினைந்து, மறுபடி முதல் நாள். பள்ளிக்கூடத்துக்குக்கூட விடுமுறை விட்டாயிற்று. எங்கள் ஃப்ரீசர் மான் கறி இல்லாமல் கிடந்தது போன குளிர்காலம் மட்டும்தான். இந்த இருபது தோட்டாவும் வெடித்தே ஆகவேண்டும். இல்லையென்றால் ஆர்வோவால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

சும்மாவா? இருபத்திரண்டு வருடமாக ஊர் மன்றத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். 'எதிர்ல நிக்கிறது என்னன்னு கண்ணு சொல்லணும், மனசு சொல்லக் கூடாது. அப்புறம்தான் விசையில விரல் போகணும்.' இந்தப் பாடத்தைக் கேட்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் கிடையாது. அப்படிப்பட்டவரை அவருடைய தம்பி தோய்வோ இப்போது 'க்ளிக்' என்றுதான் கூப்பிடுகிறான். காலையில்கூட போன் பண்ணினான். "என்ன க்ளிக், நாளைக்கு நானும் உன் காட்டுக்குத்தான் வரேன். இந்த வருஷமாவது சத்தம் வருமா?"

போனை வைத்ததிலிருந்து மனிதர் என் உயிரை எடுக்கிறார்.

பதின்மூன்றாவதை மறுபடி சுரண்டினேன். ஊதினேன். துணியால் துடைத்தேன். நீட்டினேன்.

"இதுல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம். போதுமா?"

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னே." அவர் குப்பியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஃப்ளாஸ்க்கை வேற இந்த மேஜையிலேயே மறந்துட்டுப் போயிட்டேன். குளிர்ல கை விறைச்சுக் கிடந்தேன். ஓடிவந்து குடுக்கணும்னு தோணிச்சா உனக்கு?"

மற்றதையெல்லாம் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இது புதிது.

கம்பியைக் கீழே வைத்தேன். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது போதும் என்று பட்டது. நாளை அந்தக் காட்டில் தோய்வோவும் இருப்பான்.

"வந்தேன்."

"எங்க வந்தே?"

"சிடார் புதர் வரைக்கும்."

ஆர்வோ நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அவர் கண் கதவுப் பக்கம் போனது. அங்கே கொக்கியில் அவருடைய பழைய பழுப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

காட்டில் மான் என்று யாரும் நினைத்துவிடாமல் இருக்கப் போடுகிற ஆரஞ்சு மேல்சட்டையை அன்று அவசரத்தில் தேடவில்லை. கைக்கு அகப்பட்ட அந்தப் பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஃப்ளாஸ்க்கோடு ஓடினேன். அது என் தப்பு. அந்தத் தப்பைச் சொல்லித்தான் இத்தனை நாள் என் வாயை நானே மூடிவைத்திருந்தேன். அந்தக் குளிரில் 'க்ளிக்' சத்தம் துல்லியமாகக் கேட்டது. அடுத்து அவர் குரலில் ஒரு கெட்ட வார்த்தை. பனியில் குப்புற விழுந்தேன். எழுந்திருக்கப் பயந்து, ஓடை வரைக்கும் தவழ்ந்தே வந்தேன்.

"கொம்பு எத்தனைன்னு இப்ப எண்ணிச் சொல்லு, ஆர்வோ."

அவர் கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். வெறும் குப்பிகள் இரண்டு உருண்டு கீழே விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

ஜன்னல் விளிம்பில் அந்தத் தோட்டா நின்றுகொண்டிருந்தது. அதை நான் சரியாகச் சுரண்டவில்லை என்பது உண்மைதான்.