சத்தம் போடாத ஆள்

'நூற்றிருபத்தெட்டு. பத்து நிமிடத்துக்கு முன் நூற்றுப்பத்துதான்.'

மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமலே ஜிப்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கை சில்லென்றிருந்தது. நகங்கள் வெளுத்திருந்தன.

நமுனுகுல வளைவில் வேன் சறுக்கி ஒரு மணி நேரமாகிறது. அதில் வந்தவர்கள் எல்லாரும் இப்போது தேயிலைத் தோட்ட மருந்துசாலையில்தான் இருந்தார்கள். நர்ஸ் அவள் ஒருத்தி. வீரமலைக் கங்காணிக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. அவர் போட்ட சத்தம் கீழ் லயத்து வீடுகள்வரை கேட்டது. அவள் மட்டை வைத்துக் கட்டிவிட்டாள். அவருடைய நாடி சீராகவும் கை சூடாகவும் இருந்தன.

'கத்துகிறவருக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. பயப்பட வேண்டியது இந்தச் சத்தம் போடாத ஆளுக்குத்தான். வயிற்றுக்குள் ரத்தம் போகிறது. மற்ற அழுகைகளைக் கேட்டுக்கொண்டே இதைக் கவனிக்காமல் விட்டேனே.'

யாரோ எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தார்கள். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தும், இந்த ஆளுக்கு மட்டும் கூடாது என்று அவள் திருப்பி அனுப்பினாள். பதுளை டாக்டரிடம் போனில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. நேரத்தோடு கண்டுபிடித்ததால் பயமில்லை, ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் என்றார் அவர்.

கிளார்க் சதீசன் ஓடி வந்தான்.

"ஆம்புலன்ஸ் வந்திட்டுது மிஸ். ஒரு ஆளைத்தான் படுக்க வைக்கலாமாம். கங்காணியை ஏத்துவமா?"

"இல்ல. உள்ளுக்கு ரத்தம் போற ஆள் ஒன்னு இருக்கு. அதுதான் முதல்ல."

கங்காணியின் மனைவிக்குக் கோபம் வந்தது. "இந்த மனுசன் கத்துறது ஒங்க காதுல விழலயா மிஸ்?"

அடுத்த வண்டி இருபது நிமிடத்தில் ஹாலிஎலயிலிருந்து வந்துவிடும், அவருக்கு ஆபத்தில்லை என்று ஜிப்னா விளக்கினாள். ஆனாலும் உள்ளே கூசியது. 'வலியில் துடிக்கிறவரை விட்டுவிட்டு இந்த ஆளை ஏற்றினால் தோட்டம் என்ன பேசும்?' பேசட்டும் என்று தோன்றியபோது ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

சதீசன் சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி மிஸ், ஆளைக் காட்டுங்கோ, நான் ஏத்துறன். நீங்கள் எழும்பி வந்து கங்காணியின்ர காலைக் கொஞ்சம் பிடியுங்கோ."

"முடியாது சதீசன்," என்றாள், பெஞ்சில் உட்கார்ந்தபடியே, தன் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு. "முன்சீட்டுல வந்து வயித்துல அடிபட்டது நான்தான். என்னையத் தூக்கிப் படுக்க வைங்க."