லபனுக்கு மருதாணி

“மத்தியான லுஹர் பாங்கு சொல்றதுக்குள்ள இந்தச் செவப்பு போயாகணும்,” என்றாள் ஷம்மா. “சாயங்காலம் அஸருக்கு அழகுப் போட்டி. அதுக்குள்ள ஈரமும் காயணும்.”

அபூ சைஃப் தேநீரை ஊதிக் குடித்தான். பண்ணை வீட்டின் பின்னால், குழாயடியில், அவன் மனைவி முழங்கால்வரை நனைந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் லபனின் தலை. நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, மோரின் அரபிப் பெயரை வைத்த வெள்ளை சலூக்கி வேட்டைநாய். அதன் காதுகளில் தொங்கும் மயிரும் வாலின் குஞ்சமும் மட்டும் செங்கல் நிறத்தில் இருந்தன.

நேற்று இரவு அபூ சைஃபின் தங்கைக்கு மருதாணி இட்டார்கள். பெண்கள் தூங்கப் போனபின் மகள் மஹ்ரா மிச்சக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். விடியும்வரை யாரும் கவனிக்கவில்லை.

“ஏன் வெச்சேன்னு கேட்டேன். எல்லாருக்கும் வெச்சாங்க, இதுக்கு மட்டும் யாரும் வைக்கலையாம்,” என்றான் அபூ சைஃப். “நல்ல மனசு.”

“நல்ல மனசு உங்க வீட்டுலேர்ந்து வந்தது. நாசம் பண்ற கையும் அங்கேர்ந்துதான்.”

வெதுவெதுப்பான ஆலிவ் எண்ணெயைக் காதுமயிரில் ஊற்றித் தேய்த்தாள். துணியைச் சுற்றினாள். காத்திருந்தாள். அவிழ்த்து சோப்பு போட்டு அலசினாள். செங்கல் நிறம் ஆரஞ்சானது.

“மாவு தடவிப் பாரேன். சோள மாவு. வெள்ளையாயிடும்.”

“நடுவர் ஈரத் துணியால தேய்ச்சுப் பார்ப்பார். துணியில ஒட்டினா வெளியே அனுப்பிடுவாங்க.”

“தேய்க்கட்டும்.”

ஷம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“இல்லைன்னா காதுமயிரை ஒட்ட வெட்டி விட்டுடு.”

“வெட்டினா இறகு பறிச்ச கோழி மாதிரி நிப்பான். நீங்க போய் அந்தத் துண்டை வெயில்ல போடுங்க. அதுவாவது உருப்படியா இருக்கும்.”

“ஒரு நாய்க்கு இந்தப் பாடா?”

“நாய்னு இன்னொரு தடவை சொன்னீங்க, இந்த வாளித் தண்ணி உங்க தலையில. நாய் வாசலுக்கு வெளியில படுக்கும். சலூக்கி பாய்ல படுக்கும்.”

அவன் துண்டை உலர்த்திவிட்டு வந்தான். கோப்பையைத் தரையில் வைத்து அவள் அருகில் குந்தினான். குரலைத் தாழ்த்தினான்.

“ஷம்மா, மூணு வருஷமா ரெண்டாவது இடம்.”

“எனக்கும் எண்ணத் தெரியும்.”

“போன வருஷம் வீடு வந்து சேர்ற வரைக்கும் வண்டியில நீ ஒரு வார்த்தை பேசல.”

“பேச என்ன இருந்தது?”

“இப்ப முதலிடம் உன் கையிலதான் இருக்கு.”

அவள் தன் கையைப் பார்த்தாள். விரல்களிலிருந்து மணிக்கட்டுவரை எண்ணெயும் சிவப்புச் சாறும் வழிந்துகொண்டிருந்தன.

“அதான் கழுவிக்கிட்டிருக்கேன்,” என்றாள்.

“விட்டுடு. குழந்தை பண்ணினதுக்கு யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

“நான் சொல்லிக்குவேன். எண்ணெய் ஆறிப்போச்சு. சூடு பண்ணி எடுத்துட்டு வாங்க.”

அவன் மெதுவாகப் போனான். மெதுவாகவே வந்தான். அவள் எண்ணெயை மணிக்கட்டின் உட்புறத்தில் சொட்டிச் சூடு பார்த்தாள். இந்த முறை துணி சுற்றவில்லை. மயிரை இழை இழையாகப் பிரித்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருவினாள். நிழல் பேரீச்சை மரங்களின் காலடிக்குள் ஒடுங்கிவிட்டது. ஆரஞ்சு ஈர மணலானது. அவள் முதுகை நிமிர்த்தவே இல்லை. ஈர மணல் வெளிறியது.

லபன் ஒரு முறை உடம்பை உதறியது. அவ்வளவு தண்ணீரும் ஷம்மாவின் முகத்தில்.

“அவனுக்கே போதும்னு தோணிடுச்சு,” என்று அபூ சைஃப் சிரித்தான்.

“அவனுக்குத் தோணினா போதுமா?”

கடைசியாக ஒரு முறை அலசினாள். பிறகு கணவனின் தோளில் கிடந்த வெள்ளைத் தலைத்துணியின் முனையை இழுத்து நனைத்தாள்.

“அது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வெச்சிருக்கறது.”

“தெரியும்.”

காதை அழுத்தித் தேய்த்தாள். வாலையும் தேய்த்தாள். துணியைப் பிரித்து வெயிலில் காட்டினாள். வெள்ளை.

“போயிடுச்சு,” என்றான் அபூ சைஃப்.

லபனைத் துவட்டி, சீவி முடித்தபோது பள்ளிவாசலிலிருந்து லுஹர் பாங்கு கேட்டது. ஷம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே வண்டி ஒன்று வந்து நின்றது. அஃப்ரா இறங்கினாள். போட்டிக்காக லிவாவிலிருந்து வந்து, இரவு அவர்கள் வீட்டில் தங்கி, விடியுமுன் ஊருக்குள் அக்காவைப் பார்க்கப் போயிருந்தவள்.

லபன் பாய்ந்து ஓடி அவள் மார்பில் முன்னங்கால்களை வைத்தது.

“என் கண்ணே, உன்னைக் குளிப்பாட்டி வேற விட்டிருக்காங்களா?” என்று அஃப்ரா அதன் காதை முகர்ந்தாள். “விருந்தாளியையும் கவனிச்சு, விருந்தாளியோட சலூக்கியையும் கவனிக்கிற வீடு இது ஒண்ணுதான்.”

வண்டியின் பின்கதவைத் திறந்தாள். லபன் தாவி ஏறியது. அவள் வண்டியைக் கிளப்பிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

“நேரமாச்சே ஷம்மா, வருஷா வருஷம் என் லபனுக்கு அடுத்து நிக்கிற உன் சலூக்கி எங்கே, அதை இன்னும் குளிப்பாட்டவே இல்லையா?”