ரெண்டு வருஷ வண்டி

கோத்தகிரிப் பக்கத்துச் சரளைப் பாதைகளில் சேர்ந்து சுற்ற, அருளப்பனும் அவன் மனைவி ஜெசிந்தாவும் சைக்கிள் வாங்கப் போனார்கள். உள்ளங்கையைப் படித்து ஆளுக்கேற்ற வண்டியைச் சொல்லும் இயந்திரம் ஒன்று கடையில் இருந்தது. அதன் மேல் இருவரும் உள்ளங்கையை வைத்தார்கள். அவனுக்கு இருபது வருஷம் உழைக்கும் கார்பன் சைக்கிளைக் காட்டியது. அவளுக்குச் சாதாரண அலுமினியம்.

"எனக்கும் கார்பன்தான் வேணும்," என்றாள் ஜெசிந்தா.

கடைக்காரர் திரையைப் பார்த்துத் தயங்கினார். "அக்கா, உங்களுக்கு ரெண்டு வருஷம் தாங்குற வண்டியே போதும்னு சொல்லுது."

"அதுக்கப்புறம்?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த இயந்திரம் இதுவரை யாருக்கும் தப்பாகச் சொன்னதில்லை.

ஜெசிந்தா அலுமினிய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "இதையே எடுத்துக்கறேன். அவருக்கு அந்தக் கார்பனைக் குடுங்க," என்றாள்.

"எனக்கு வேண்டாம் ஜெசி," என்றான் அருளப்பன். "பதினெட்டு வருஷம் தனியா நான் எங்க போறது?"